ஐம்பது காலிப் படங்கள்

“காலியாத்தானட்டி இருந்துச்சு, அதான் அழிச்சேன்” என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோ முதலாளி செல்வின் அண்ணாச்சி பல்லில் சிக்கிய கறிவேப்பிலையைத் துப்ப வெளியே போனார், ஏதோ சுவரில் தொங்கிய ஒட்டடையை அடித்து முடித்தவர் மாதிரி. ஒட்டடை. மாடத்தி மவுஸை மேசையில் ஓங்கி வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் பேசும், பிறகு காது சுடும், அதற்குப் பிறகு வாய். வாய் திறந்துவிட்டால் அப்புறம் அதை யாரும் மூட முடியாது, பதினொன்றாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததே அந்த வாயால்தான். மொத்தம் இருநூறு படம். பொன்பாண்டி என்று ஒரு மனிதர், செத்து மூன்று வருஷம் ஆகிறது, அவரை அவர் வீட்டுப் பால்காய்ச்சு வீடியோவிலிருந்து ஒவ்வொரு படமாக வெட்டி எடுத்திருந்தாள். வீடியோ ஓடுகிறது என்று ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது, அது ஓடவே இல்லை, செகண்டுக்கு இருபத்தைந்து நிற்கிற படம், அவ்வளவுதான். அந்த ஒவ்வொன்றிலும் அவர் காதைச் சுற்றி, மீசை நுனியைச் சுற்றி, காற்றில் எழும்பிய நாலு முடியைச் சுற்றி வெட்டி, பின்னால் இருந்த சுவரையும் வாழைமரத்தையும் துடைத்து, ஆள் மட்டும் மிஞ்சுகிற மாதிரி, கண்ணாடியில் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி. கண்ணாடியை எதன்மேல் வைத்தாலும் பின்னால் இருப்பது தெரியும், ஆள் மட்டும் மேலே நிற்பார். ஒன்பது நாள் வேலை. அந்த மனிதர் கையைத் தூக்கியதுகூட ஆசீர்வாதத்துக்கு இல்லை, வாசலில் நின்று சீரியல் பல்பு கட்டினவனைப் பார்த்து “போதும்டே, இறங்கு” என்று தூக்கினார், அதைத்தான் இவள் அவருடைய மகள் கல்யாண மேடையில் கொண்டுபோய் நிறுத்தி ஆசீர்வாதம் ஆக்கினாள். இருநூறில் முதல் ஐம்பதில் அவர் கிடையாது. வெறும் கண்ணாடி. தாலி கட்டுகிற காட்சி எட்டு செகண்டு, அதில் ரெண்டு செகண்டு கழித்து அவர் வர வேண்டும் என்பதற்காக ஐம்பது வெறும் கண்ணாடி. அது காலி இல்லை, காத்திருப்பு. மேளக்காரர் அடிக்காமல் கையைத் தூக்கி வைத்திருக்கிற நேரம் மேளத்தில் சேர்த்தி இல்லையா? வந்து உட்கார்ந்து, ஹார்டு டிஸ்க் நெறஞ்சு சிவப்பாயிட்டுன்னு சொல்லி, ஃபோல்டரைத் திறந்து, ஒன்றுமில்லாத படமாகத் தேடித் தேடிப் பிடித்து, குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்து, என்ன கெட்டிக்காரத்தனம்! ஐம்பது காலிப் படத்தை அழித்தால் எவ்வளவு இடம் மிஞ்சும், ஒரு மெட்டி அளவுகூட வராது, அவர் மச்சினன் பையன் இறக்கி வைத்திருக்கிற கிரிக்கெட்டை அழித்தாலாவது ஒரு கல்யாண மண்டபம் அளவு வரும், அது அழியாது, அதில் ஆள் இருக்கிறதல்லவா.

இந்த மனிதருக்குக் கண்ணாடிப் படம் என்றால் என்னவென்றே தெரியாது, அதுதான் உண்மை, சுரண்டை சுற்றுவட்டாரத்திலேயே பெரிய ஸ்டுடியோ என்று போர்டு மட்டும் இருக்கிறது. போன ஆவணியில் நெட்டில் எங்கிருந்தோ ரெண்டு வெள்ளைப் புறாப் படத்தை இறக்கிக்கொண்டு வந்தார். பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, “கட்டம் இருந்தா பின்னால ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்ட்டி, நீதான சொல்லிக் குடுத்த” என்று பெருமையாகச் சொன்னார். கட்டமே படத்தில் வரைந்திருந்தது. எவனோ ஏமாற்றுக்காரன் கட்டத்தையும் சேர்த்துப் படமாக்கி வைத்திருந்தான், இவர் மாடத்தியிடம் காட்டாமல் அப்படியே மாப்பிள்ளை பொண்ணு தலைமேல் பறக்கவிட்டுக் கொடுத்தும்விட்டார், அந்தக் கல்யாணத்தில் இன்றைக்கும் ரெண்டு புறாவும் குளியலறை டைல்ஸைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. அந்த வீட்டார் கேட்டதற்கு “வேலைக்கு நிக்கித பிள்ள செஞ்ச தப்பு” என்றார். வேலைக்கு நிற்கிற பிள்ளை! இன்றைக்கும் அப்படித்தான் சொல்லப்போகிறார், பன்னிரண்டு மணிக்குப் பொண்ணோட பெரியப்பா தவசிமுத்து வருவார், பொண்ணு அபிநயாவும் வரும், சாயந்தரம் மாப்பிள்ளையோடு ஓசூருக்கு ரயில் ஏறப்போகிறது, பென் டிரைவை வாங்கிக்கொண்டுதான் ஏறுமாம். இப்போது மணி பதினொன்று. கல்யாண வீடியோவைத் திறந்தவுடனே ஃபைலைக் காணோம் என்று திரை முழுக்கச் சிவப்பு. சரி, அழிந்தது அழிந்தது, மிச்சம் நூற்றைம்பதையாவது திரும்ப ஏற்றுவோம் என்று ஐம்பத்தொன்றாம் படத்தைத் தொட்டு, இது ஒற்றைப் படம் இல்லை வரிசை என்று டிக் அடித்து, செகண்டுக்கு இருபத்தைந்து என்று மாற்றி, மாற்றாவிட்டால் முப்பது என்று எடுத்துக்கொண்டு அந்த மனிதரைப் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஆட்டும், பிறகு ஓரத்தில் கறுப்புக் கோடு விழாமல் இருக்க அந்த இன்னொரு டிக்கையும் அடித்து, தாலி கட்டுகிற காட்சியின்மேல் கொண்டுபோய் வைத்து ஓட்டிப் பார்த்தாள். பொன்பாண்டி காட்சி தொடங்கியவுடனேயே வந்து நின்றார். ரெண்டு செகண்டு முன்னால். முன்னால் வந்தவர் முன்னாலேயே கரைந்தும் போனார். அவர் கரைந்த இடத்தில், அவர் வேட்டி இருந்த இடத்தில், அவருடைய பொண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

மாடத்தியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்றும் பெரிய வேலை இல்லை, அந்த வரிசையை மவுஸால் பிடித்து ரெண்டு செகண்டு வலது பக்கம் இழுத்தால் தீர்ந்தது, காலிப் படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அவர் பழைய நேரத்துக்கு வருவார், பழைய இடத்தில் நிற்பார், அந்த அம்மா மறைந்துவிடுவாள். மறைய வேண்டும் என்றுதான் தவசிமுத்து சொல்லியிருந்தார். போன மாதம் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “தம்பியக் கொண்டாந்து நிப்பாட்டும்மா. பெத்தவன் இல்லாத குறை தெரியக் கூடாது. அப்படியே இந்தப் பக்கம், தம்பி பொண்டாட்டி வந்துட்டா பாரு, தாலியறுத்தவ, தாலி கட்டுத நேரத்துல, அவளையும் எடுத்துரு, என்னா” என்றார். என்னா. தேங்காய்ச் சில்லை எடுத்துரு என்கிற மாதிரி. செத்தவரைக் கூட்டு, உயிரோடு இருக்கிறவளைக் கழி. செல்வின் அண்ணாச்சி உடனே, “அது லேசுதான் அண்ணாச்சி, அவுங்க மேலயே அவர நிப்பாட்டிருவோம், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா” என்றார், ரெண்டு பேரும் சிரித்தார்கள். மாடத்தியும் சரி என்று தலையை ஆட்டினாள், ஆட்டத்தானே செய்தாள். வேலையில் உட்கார்ந்த பிறகுதான், அந்த எட்டு செகண்டை இருநூறு தடவை, முந்நூறு தடவை பார்த்த பிறகுதான், ஆட்டின தலையை நினைத்து அவளுக்கே எரிந்தது. கெட்டிமேளம் கேட்கிறது. எல்லாரும் மாப்பிள்ளை கையைப் பார்க்கிறார்கள். தூணுக்குப் பின்னால் தாம்பாளத்தை அடுக்கிக்கொண்டிருந்த ராஜகனி, அந்த அம்மா பெயர் ராஜகனி, கையில் அட்சதையோடு முன்னால் வருகிறாள். யாரும் கூப்பிடவில்லை. அவளும் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் வந்திருக்க மாட்டாள், கால் வருகிறது, அவ்வளவுதான், பிள்ளை அழுதால் அடுப்படியிலிருந்து வருகிற கால். கையைத் தூக்கிப் போடுகிறாள். பக்கத்தில் நிற்கிற தவசிமுத்து கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார். அவள் பின்வாங்கித் தூணுக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் அவளுடைய கல்யாண வீடியோ, மூன்று மணி நேரத்தில் அவள் இருப்பது இவ்வளவுதான், மற்றதெல்லாம் பந்தியில் ஒரு முதுகு. பொன்பாண்டியை அவள்மேல் நிறுத்தி முதல்தடவை ஓட்டிக் காட்டினபோது என்ன நடந்தது என்றால், அவள் முழுக்க மறைந்துவிட்டாள், ஆனால் அவள் போட்ட அரிசி மறையவில்லை, அது அந்த மனிதரின் தூக்கிய கைக்குப் பக்கத்திலிருந்து கிளம்பிப் போய்ப் பிள்ளை தலையில் விழுந்தது. தவசிமுத்து துள்ளிவிட்டார். “எம்மா! தம்பியே அட்சதை போடுத மாதிரி இருக்குல்லா! கடவுள் செயல்!” கடவுள் செயலாம். அது ராஜகனி செயல். அவள் போட்ட அரிசிக்கும் அவர் பேர்.

மாடத்தி இழுக்கவில்லை. வீடியோவை முடித்து வெளியே எடுக்கிற எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்திவிட்டாள். அழுத்தின பிறகுதான் அழுத்திவிட்டோம் என்று தெரிந்தது. பச்சைக் கோடு ஒன்று இரண்டு என்று ஊர ஆரம்பித்தது, இந்தப் பழைய சிஸ்டம் நாற்பது நிமிஷம் எடுக்கும், ஃபேன் வேறு அரிசி மில் மாதிரி இரைகிறது. நிறுத்தலாம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். நாலு சதவீதம். தவசிமுத்து கேட்டால் என்ன சொல்வது என்று அவள் மனசுக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்தாள், ஐயா, நீங்க சொன்ன மாதிரி உங்க தம்பிய நிப்பாட்டிட்டேன், ஆனா ஒருத்தங்க வந்து நின்னத நான் எதுக்கு அழிக்கணும், நான் என்ன அழி ரப்பரா, வேண்டாம், ரப்பர் என்றால் சிரிப்பார்கள், ஐயா, அந்த அரிசி யாரு போட்டது, இது நல்லாயிருக்கிறது, இதிலிருந்தே தொடங்கலாம். அவர் கத்துவார். செல்வின் அண்ணாச்சி “ஏட்டி, வெளிய போ” என்பார். வெளியே போனால் வீட்டில் பீடிச் சுளகு இருக்கிறது, அம்மா ஏற்கெனவே சொல்லியாயிற்று, அங்கயும் வாய வச்சிட்டு வந்தேன்னா உக்காந்து பீடிதான் சுத்தணும்னு. பதினொரு சதவீதம். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் சொன்னதும் இதே வார்த்தைதான், “காலி மண்டை, உனக்கெல்லாம் எதுக்குட்டி கம்ப்யூட்டர் குரூப்பு.” புத்தகத்தில் இருந்த புரோகிராமை அப்படியே போர்டில் எழுதிப் போட்டிருந்தார், அதில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது, டீச்சர் நடுவுல ஒரு வரியக் காணோம், ஓடாது என்று சொன்னாள், அவ்வளவுதான் சொன்னாள், ஓடாது என்றால் ஓடாதுதானே. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். விட்டுப்போன வரிக்கு யார் மன்னிப்புக் கேட்பது? காலி காலி என்று சொல்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி, ஆள் தெரிந்தால்தான் ஒன்று இருக்கிறது என்பார்கள். ஆள் தெரிந்தாலும் சிலபேரை இருக்கிறதென்று சொல்லமாட்டார்கள். பூமாரி அத்தை மாதிரி. இருபது சதவீதம், இருபத்தொன்று. அத்தை புருஷன் லாரியோடு போனவர் போனவர்தான், திரும்பவே இல்லை, அத்தை தையல் மிஷினோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடத்திக்குச் சடங்கு வைத்தபோது பட்டுப்பாவாடைக்கு அத்தைதான் உள்பட்டை கொடுத்துத் தைத்தாள், ஜாக்கெட்டுக்குக் கையில் மணி கோத்தாள், கண் வீங்கிப்போய்க் கோத்தாள். தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது சித்தி. தண்ணி ஊற்றினது சித்தி. அத்தை பந்தலுக்குப் பின்னால் தண்ணி டிரம் பக்கம் தம்ளர் கழுவிக்கொண்டு நின்றாள், அவளை யாரும் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை, அதுதான் அவர்கள் சாமர்த்தியம். இந்த வேலைக்கு வந்த பிறகு அந்த சி.டி.யைப் போட்டு அத்தையைத் தேடினாள், நிறுத்தி நிறுத்தி, படம் படமாக. நாற்பத்தோராம் நிமிஷத்தில் ஒரு முழங்கை, ரெண்டு தம்ளர். அந்த வீடியோக்காரன் என்ன குருடனா? அம்மாவுக்கு வாயில்லையா, சொந்த நாத்தனார்தானே? அப்பா, கூடப்பிறந்தவள் டிரம் பக்கம் நிற்கிறாள், இவர் மைக் செட்காரனிடம் வால்யூம் கூட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒருத்தருக்குக்கூடவா தோன்றவில்லை? ஒருத்தருக்குக்கூடவா? முப்பத்தாறு சதவீதம். நிறுத்து என்று ஒரு மனசு சொன்னது, உனக்கென்ன, உன் அத்தையா, உன் கல்யாணமா, அவர்கள் வீட்டு வழக்கம், அவர்கள் வீட்டு வீடியோ. மவுஸ் அம்பை ரத்துப் பொத்தான் பக்கம் கொண்டுபோனாள். கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருந்தாள். அம்பத்திரண்டு. கீழே மருந்துக்கடைக்காரர் யாரிடமோ சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று தடவை சொன்னார். எண்பது. அந்த அம்மா வீடியோவைப் பார்த்தால் என்ன நினைப்பாள், அரிசி போட்டது ஞாபகம் இருக்குமா, கனவென்று நினைத்துக்கொள்வாளா. தொண்ணூற்றொன்பதில் கோடு நின்றுவிட்டது. எப்போதும் அங்கேதான் நிற்கும், நாசமாய்ப் போன சிஸ்டம். மாடிப்படியில் செருப்புச் சத்தம். நூறு.

“என்னம்மா, தம்பி வந்துட்டானா?” என்று கேட்டுக்கொண்டே தவசிமுத்து நுழைந்தார், ஏதோ தம்பி பாத்ரூம் போயிருக்கிற மாதிரி. பின்னால் அபிநயா, புதுத் தாலிச்சரடு மஞ்சளாகக் கழுத்தில், கையில் போன். செல்வின் அண்ணாச்சி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மாடத்தி வீடியோவைத் தாலி கட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டினாள். காது சுட்டது. பேச்சு தயாராக இருந்தது, ஐயா அந்த அரிசி யாரு போட்டது, முதல் வரி நாக்கு நுனியில் நின்றது. காட்சி தொடங்கினது, பொன்பாண்டி வந்து நின்றார். “ஏ பாரு, முன்னாடியே வந்துட்டான்!” என்று தவசிமுத்து தொடையில் அடித்தார். “உசுரோட இருக்கையில எந்தக் கல்யாணத்துக்கு நேரத்துக்கு வந்திருக்கான் இந்தப் பய? பந்தி முடியப்போவ வருவான்.” சிரித்தார், சிரித்த வாக்கிலேயே உதடு கோணிக்கொண்டது, கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைத்தார். பொன்பாண்டி கையைத் தூக்கினபடி புகை மாதிரிக் கரைந்தார். ராஜகனி நின்றாள். கை உயர்ந்தது, அரிசி பறந்தது, தவசிமுத்துவின் கழுத்து திரும்பியது, அவள் போனாள். ஒன்றரை செகண்டு. தவசிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அருமையா வந்திருக்கும்மா. பென் டிரைவு எங்க?”

அவர் பார்க்கவே இல்லை. செல்வின் அண்ணாச்சி பார்த்துவிட்டார், முகம் வெளிறிப்போய், நல்லவேளை என்று பென் டிரைவைத் தேடுகிற சாக்கில் குனிந்துவிட்டார். அபிநயா பார்த்துவிட்டது, போனைப் பிடித்த கை ஒரு நொடி நின்றது, பிறகு தலை போனுக்கே குனிந்துவிட்டது. எல்லாரும் தப்பித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த அம்மா வீடியோவில் இருப்பாள், மாடத்திக்கு வேலையும் இருக்கும், பீடிச் சுளகு சுவரிலேயே சாய்ந்திருக்கும். ஆனால் அது என்ன இருப்பு? ஒருத்தர் கண்ணைத் துடைக்கிற நேரத்தில் வந்துவிட்டுப் போகிற இருப்பா? கோபம் முதலில் இருந்ததைவிட இப்போது கூட வந்தது, பார்த்துவிட்டுத் திட்டினால்கூட மரியாதை, இது என்ன. அவளுக்கு வாய் திறந்துவிட்டது.

“நீங்க பாக்கல” என்றாள்.

“என்னத்தம்மா?”

“ஏட்டி, சும்மா இரி” என்றார் செல்வின் அண்ணாச்சி.

அவள் பின்னால் கொண்டுபோய், ஒவ்வொரு படமாக முன்னால் நகர்த்தி, அந்த ஒரு படத்தில் நிறுத்தினாள். அரிசி அந்தரத்தில் நின்றது. ராஜகனியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் கழுத்தைத் திருப்பின தவசிமுத்து. ஸ்டூலில் இருந்த தவசிமுத்து முன்னால் சாய்ந்து பார்த்தார்.

“இத எடுக்கச் சொன்னம்லா?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பிள்ள தெரியாமப் பண்ணிட்டு, ரெண்டு செகண்டு இழுத்துவிட்டா மறைஞ்சிரும். இழுட்டி.”

“நான் தெரியாமப் பண்ணல. முன்னால அம்பது படம் இருந்துச்சு, நீங்க அழிச்சீங்க. காலிதான, ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்கல்லா? ஒண்ணுமில்லாததுதான போச்சு, இப்ப என்ன குறஞ்சிட்டு?” தவசிமுத்து பக்கம் திரும்பினாள். “ஐயா, அந்த அரிசி யாரு போட்டது?”

தவசிமுத்து திரையை விட்டுத் திரும்பினார். அபிநயாவைப் பார்த்து, “நாலு பேரு பாக்குறதும்மா. உனக்குத்தான் ஆகாதும்பாங்க, நான் எனக்காகவா சொல்லுதேன்” என்றார்.

“இருக்கட்டும் பெரியப்பா.”

“என்னம்மா?”

“அம்மா இருக்கட்டும்.”

அது போனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னது, ஆனால் சொல்லிவிட்டது. தவசிமுத்து மறுபடி திரையைப் பார்த்தார். இந்தத் தடவை ராஜகனியைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்த்தார், அந்தத் திரும்பின கழுத்தை.

“என் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றார் மெதுவாக.

“அப்படித்தான் இருந்துச்சு” என்றாள் மாடத்தி.

அவர் எழுந்தார். பென் டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போடப்போனவர், என்ன நினைத்தாரோ, அபிநயா கையில் கொடுத்துவிட்டு முன்னால் இறங்கிப்போனார். அபிநயா வாசலில் ஒரு நொடி நின்று, “தேங்க்ஸ் பாப்பா” என்றது.

பாப்பா! கோபம் அடங்கியிருக்க வேண்டும், நியாயப்படி. அடங்கவில்லை. தேங்க்ஸாம். இருக்கட்டும், அம்மா இருக்கட்டும், எத்தனை வார்த்தை, மூன்று வார்த்தை, இதை அன்றைக்கு மேடையில் சொல்லியிருந்தால் என்ன? தூணுக்குப் பின்னால் பெத்த தாய் தாம்பாளம் அடுக்குகிறாள், நீ மாலையும் கழுத்துமாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாய், உனக்குத் தெரியாதா அவள் எங்கே நிற்கிறாளென்று? தெரியும். உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் எல்லாம் தெரியும், நாற்காலி உயரம். அவளைத்தானே எல்லாரும் பார்க்கிறார்கள், அவள் ஒரு வார்த்தை சொன்னால் யார் மறுப்பது, அன்றைக்கு அவள்தானே ராணி. செல்வின் அண்ணாச்சி ஏதோ திட்டிக்கொண்டிருந்தார், நாளைக்கு வா பேசிக்கிடுதேன், இல்ல இன்னைக்கே பேசணும், அப்படி ஏதோ, மாடத்தி காதில் வாங்கவில்லை. நாற்காலி. சடங்கன்றைக்குச் சிவப்பு வெல்வெட் போட்ட நாற்காலி, பின்னால் தெர்மாகோலில் மாடத்தி என்று பேர், கன்னத்தில் பவுடர், ஆடினால் நெத்திச்சுட்டி நழுவும் என்று சித்தி சொல்லியிருந்தாள். பந்தலின் கிழக்குப் பக்கத்துத் துணி காற்றில் தூக்கும்போதெல்லாம் டிரம் தெரிந்தது. தம்ளர் தெரிந்தது. அத்தை தெரிந்தாள், முழங்கை மட்டும் இல்லை, முழு அத்தை, ஜாக்கெட் மணி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தூரத்திலிருந்தே எட்டி எட்டிப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்று ஈரக் கையால் ஜாடை காட்டினாள். மாடத்தி சிரித்துக்கூட வைத்தாள். வீடியோக்காரன் “பாப்பா, இங்க பாரு” என்றான், இங்கே பார்த்தாள். சுட்டி நழுவவில்லை. அம்மாவைக் குறை சொன்னாள், அப்பாவைக் குறை சொன்னாள், வீடியோக்காரனைக் குருடன் என்றாள், இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டேயிருக்கிறாள். பதிமூன்று வயதில் அவளுக்கும் வாய் இருந்தது.